பூமி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா? கையா பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்

எல்லோருக்கும் வணக்கம். பனிப்பாறைகள் உருகுவது பற்றிப் போட்ட வீடியோவுக்கு உங்களில் பலர் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள். "பூமி எத்தனையோ பார்த்தது, அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும், நாம் ஏன் பதற வேண்டும்?" என்று. இந்த எண்ணத்துக்குப் பின்னால் உண்மையிலேயே கையா என்ற ஒரு அறிவியல் கருத்து இருக்கிறது, அதில் எனக்கு அளவில்லாத பிரியமும் உண்டு. ஆனால் அந்த அறிவியல் சொல்வதில் பாதிதான் வெளியே பரவியிருக்கிறது. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகக் கேளுங்கள்.

கதை செவ்வாய்க் கிரகத்தில் தொடங்குகிறது. 1960களில் நாசா செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று தேடத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் லேப்பில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் ஆலோசகராக இருந்தார். கருவிகள் செய்வதில் மன்னன். காற்றில் மிக மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும் பொருளைக்கூடக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை 1957-லேயே உருவாக்கியவர். மற்றவர்கள் எல்லோரும் செவ்வாயின் மண்ணைத் தோண்டி எப்படிச் சோதிப்பது என்று யோசித்தார்கள். அவர் மட்டும் வேறு ஒன்று கேட்டார்: மண் எதற்கு, காற்றைப் பார்த்தால் போதாதா?

அவர் வாதம் இதுதான். உயிர் என்று ஒன்று இருந்தால் அது எதையோ உள்ளே இழுத்து எதையோ வெளியே விடும். கிரகம் முழுக்க உயிர் இருந்தால் அந்தக் கிரகத்தின் காற்றே மாறிப்போயிருக்கும். 1965-ல் பிரான்சின் பிக் து மிடி வானாய்வகத்திலிருந்து அகச்சிவப்பு அளவீடுகள் வந்தன. செவ்வாயின் காற்றும் சரி, வெள்ளியின் காற்றும் சரி, ஏறக்குறைய முழுக்க கார்பன் டை ஆக்சைடு. இன்றைய அளவீடுகளின்படி செவ்வாயில் சுமார் 95 சதவீதம், வெள்ளியில் சுமார் 96 சதவீதம். வேதியியல் கணக்கில் எல்லாம் வினைபுரிந்து முடிந்து, அடங்கிப்போன காற்று.

இப்போது நம் காற்றைப் பாருங்கள். ஆக்சிஜன் 21 சதவீதம். கூடவே மீத்தேன், பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை, ஆனாலும் இருக்கிறது. இரண்டும் ஒரே காற்றில் இருப்பதே விசித்திரம். சூரிய ஒளி பட்டால் மீத்தேன் ஆக்சிஜனேற்றம் அடைந்து அழிந்துகொண்டே இருக்கும். சராசரியாகப் பத்து வருடம்தான் தாக்குப்பிடிக்கும். ஓட்டை விழுந்த தொட்டியில் தண்ணீர் மட்டம் குறையாமல் நிற்கிறது என்றால் யாரோ எங்கிருந்தோ குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சதுப்பு நிலத்தில், நெல் வயலில், மாட்டின் வயிற்றில், கரையான் குடலில் வாழும் நுண்ணுயிரிகள்தான் மீத்தேனின் முக்கியமான குழாய். இன்னொரு பக்கம் செடிகளும் பாசிகளும் ஆக்சிஜனை ஊற்றிக்கொண்டிருக்கின்றன. அவை நின்றுவிட்டால் பாறையும் இரும்பும் மக்கும் பொருளும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும்.

டயான் ஹிட்ச்காக் என்ற தத்துவவாதியும் லவ்லாக்கும் சேர்ந்து 1967-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். செவ்வாய்க்குப் போகாமலேயே அங்கே உயிர் இல்லை என்று சொல்லிவிடலாம் என்பது லவ்லாக்கின் முடிவு. விண்கலம் அனுப்பும் கனவில் இருந்தவர்களுக்கு அது கேட்கப் பிடிக்காத பேச்சுதான். 1976-ல் நாசாவின் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் இறங்கி மண்ணைச் சோதித்தபோதும் உயிருக்கான தெளிவான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் மெய்சிலிர்க்கும் இடம் ஒன்று உண்டு. காற்று என்பது உயிர்கள் வந்து குடியேறிய வீடு என்று பள்ளியில் படித்தோம். இல்லை, அந்த வீட்டைக் கட்டியதில் உயிர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் இந்த நொடி இழுத்த மூச்சில் இருக்கும் ஆக்சிஜன் ஏதோ ஒரு இலையோ கடல் பாசியோ தண்ணீரைப் பிளந்து வெளியே விட்டது.

சரி, காற்றைக் கட்டியது உயிர். அதைச் சீராக வைத்திருப்பதும் உயிர்தானா? லவ்லாக் அடுத்து வைத்த பெரிய கேள்வி இது. சூரியன் பிறந்த காலத்தில் இன்றைய வெளிச்சத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் கொடுத்தது. அந்த அளவுக்கு மங்கலான சூரியன் என்றால் பூமி உறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் மிகப் பழைய பாறைகளே அன்று திரவ நீர் ஓடியதைக் காட்டுகின்றன. அதன்பிறகு சூரியன் இவ்வளவு பிரகாசமானபோதும் கடல் கொதித்துப் போகவில்லை. யாரோ திருகைத் திருப்பிக்கொண்டே வந்தது போல.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் லின் மார்குலிஸ் அவரோடு சேர்ந்தார். நம் உடல் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்தது என்று வாதாடி ஜெயித்தவர். லவ்லாக்குக்கு வேதியியல் தெரியும். பூமியின் வேதியியலை நடத்துபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் என்பதை மார்குலிஸ் கொண்டுவந்தார். 1974-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது: உயிர்கள், காற்று, கடல், பாறை எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்கி, உயிர் வாழத் தக்க நிலையில் பூமியை வைத்திருக்கின்றன என்று. கையா என்ற கிரேக்கப் பூமித் தெய்வத்தின் பெயரைப் பரிந்துரைத்தவர் லவ்லாக்கின் ஊர்க்காரரான எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்.

உடனே அடி விழுந்தது. நியாயமான அடி. 1981-ல் ஃபோர்டு டூலிட்டில், 1982-ல் ரிச்சர்டு டாக்கின்ஸ், இருவரும் உயிரியல் அறிஞர்கள். அவர்கள் கேட்டது: இயற்கைத் தேர்வு நடக்க வேண்டும் என்றால் பலர் போட்டியிட வேண்டும், குட்டி போட வேண்டும். பூமி குட்டி போடுகிறதா? அப்புறம், ஊருக்கு நல்லது செய்ய ஒரு பாசி தன் சக்தியைச் செலவழித்தால், செலவழிக்காத பக்கத்துப் பாசி அதை முந்திவிடாதா? பூமிக்காக யார் தியாகம் செய்வார்கள்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

அதற்கு வந்த பதில்தான் டெய்சி உலகம். ஆண்ட்ரூ வாட்சனும் லவ்லாக்கும் 1983-ல் வெளியிட்டது. திரையில் ஓடவிடுகிறேன், பாருங்கள். இது ஒரு கற்பனைக் கிரகம். இரண்டே இரண்டு வகைப் பூ: கறுப்பு டெய்சி, வெள்ளை டெய்சி. இரண்டுமே 5 டிகிரிக்குக் கீழே வளராது, 40 டிகிரிக்கு மேலே வளராது, 22.5 டிகிரியில் நன்றாக வளரும். கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் விதி.

சூரியன் இப்போது மங்கலாக இருக்கிறது. மெதுவாகக் கூட்டுகிறேன். இதோ, இங்கே முதலில் முளைப்பது கறுப்பு. ஏன்? குளிரில் வெயிலை வாங்கித் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதனால்தான் முடியும். பரவப் பரவக் கிரகமே சூடாகிறது, கோடு சட்டென்று மேலே ஏறுகிறது. இன்னும் கூட்டுகிறேன். கறுப்புக்கு இப்போது வெப்பம் தாங்கவில்லை, வெள்ளை இடத்தைப் பிடிக்கிறது. வெள்ளை பரவினால் கிரகம் குளிர்கிறது. இந்தக் கோட்டைக் கவனியுங்கள். சூரியன் ஏறிக்கொண்டே போகிறது, வெப்பநிலைக் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. பூவே இல்லாத கிரகத்தின் கோடு அதற்குப் பக்கத்தில் சாய்வாக ஏறிக்கொண்டே போகிறது.

எந்தப் பூவும் யாருக்காகவும் எதையும் செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வளர்ந்தது. இருந்தும் கிரகத்தின் வெப்பநிலை சீராக நின்றது. டூலிட்டில் கேட்ட தியாகம் இங்கே தேவையே இல்லை. இது வெறும் கற்பனை உலகம்தான். நிஜப் பூமி இப்படித்தான் இருக்கிறது என்று இது நிரூபிக்காது. யாரும் திட்டமிடாமலே சீர்மை வரலாம் என்று மட்டும் காட்டுகிறது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

இன்னும் கொஞ்சம் சூரியனைக் கூட்டுகிறேன். வெள்ளையாலும் இனி முடியவில்லை. பார்த்தீர்களா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரே இடத்தில் எல்லாம் போய்விட்டது, வெப்பம் செங்குத்தாக ஏறிவிட்டது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிஜப் பூமிக்கு வருவோம். கையில் வைத்திருக்கும் இந்தக் கருங்கல் துண்டைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். சாம்பலும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, இது லைக்கன். கறிக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறேன். பாருங்கள், அடியில் கல் பொலபொலவென்று மணலாக உதிர்கிறது. சுத்தமாக இருக்கும் இந்தப் பக்கத்தை எவ்வளவு சுரண்டினாலும் ஒன்றும் வராது. லைக்கன் அமிலம் சுரக்கிறது, கல்லின் இடுக்குகளில் இழைகளை நுழைக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மரத்தின் வேர் இதையே பெரிய அளவில் செய்கிறது.

கல் கரைவதில் என்ன பெரிய விஷயம்? மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கரைக்கும்போது கார்பன் பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே சிப்பிகளும் பவளமும் நுண்பாசிகளும் அதை ஓடாக்குகின்றன. அவை செத்து அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. காற்றில் இருந்த கார்பன் கல்லுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது; எரிமலைகள் அதைத் திரும்ப வெளியே விடுகின்றன. பூமி சூடானால் மழையும் கரைதலும் வேகமாகும், கார்பன் டை ஆக்சைடு குறையும், பூமி குளிரும். குளிர்ந்தால் எல்லாம் மெதுவாகும், எரிமலை விட்டது சேரும், சூடாகும். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1981-ல் சொன்னது இது. இதில் உயிர் இல்லாமலும் வேலை நடக்கும் என்பது உண்மை. ஆனால் லைக்கனும் வேரும் மண் நுண்ணுயிரிகளும் சேர்ந்து கரைதலைப் பல மடங்கு வேகமாக்குகின்றன என்று ஷ்வார்ட்ஸ்மனும் வோல்க்கும் 1989-ல் காட்டினார்கள். உயிர் இல்லாத பூமி இதைவிட நன்றாகவே சூடாக இருந்திருக்கும்.

கையாவின் எல்லாக் கருத்தும் இப்படி நிலைக்கவில்லை. கடல் பாசிகள் விடும் கந்தக வாயு மேகம் உருவாக உதவுகிறது, பூமி சூடானால் பாசி கூடும், மேகம் கூடும், குளிரும் என்று 1987-ல் அழகான ஒரு யோசனை வந்தது. கடற்கரையில் நமக்கு வரும் அந்த மணத்தில் இந்த வாயுவும் உண்டு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இருபத்து சொச்சம் வருட அளவீடுகளைத் தொகுத்து 2011-ல் வந்த கட்டுரை, அப்படி ஒரு பெரிய கட்டுப்பாடு நடப்பதாகத் தெரியவில்லை என்றது.

அதேபோல உயிர் எப்போதும் உயிருக்கு நல்லதே செய்தது என்றும் சொல்ல முடியாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகள் விட்ட ஆக்சிஜன் காற்றில் சேர்ந்தபோது, அன்றைய பல நுண்ணுயிரிகளுக்கு அது விஷம். சுமார் 72 கோடி முதல் 63 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் பூமி இரண்டு முறை ஏறக்குறைய முழுக்கப் பனியால் மூடியது. ஒவ்வொரு முறையும் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு அப்படியே கிடந்தது. அப்புறம் மீண்டது. மீண்டது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் நிம்மதியடைகிறோம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. பூமிக்குத் தன்னைச் சீராக்கும் வழிகள் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றின் வேகம் நம் வேகம் இல்லை. கல் கரைந்து கார்பனை இழுக்கும் இந்த வேலைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இதற்கு ஒரு முன்னுதாரணமே இருக்கிறது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து, பூமி சுமார் 5 டிகிரிக்கு மேல் சூடானது. கடல் அமிலத்தன்மை கூடியது, ஆழ்கடல் அடிமண்ணில் வாழ்ந்த ஒருசெல் உயிரிகளில் பல இனங்கள் அழிந்தன. பூமி தன்னைச் சரிசெய்துகொண்டதா? கொண்டது. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கியே ஏறக்குறைய 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைக் காடுகளும் கடலும் இப்போதே வாங்கிக்கொள்கின்றன. நம் ஆயுளுக்குள் கிடைக்கும் உதவி இதுதான், அதையும் இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாது. கடல் வாங்க வாங்க அதன் அமிலத்தன்மை கூடுகிறது. ஓடு கட்டும் அதே சிப்பிக்கும் பவளத்துக்கும் அது கஷ்டம். காட்டை வெட்டினால் கார்பனை உள்ளே இழுக்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். ஆகவே "பூமி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியவர்களுக்கு என் பதில்: ஆமாம், பார்த்துக்கொள்ளும். நீங்களும் உங்கள் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

லவ்லாக் தன் 103-வது பிறந்த நாளான 2022 ஜூலை 26 அன்று காலமானார். கடைசிக் காலம் வரை காலநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். கையாவை முன்வைத்தவரே பூமி பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி உட்காரவில்லை.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் டெய்சி உலகத்தை நீங்களே எழுதிப் பாருங்கள், ஐம்பது அறுபது வரிகளுக்குள் முடிந்துவிடும். கல்லூரி மாணவர்கள் கட்டாயம் செய்யுங்கள். சூரியனைக் கூட்டிப் பூக்கள் எல்லாம் அழியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சூரியனை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அழிந்த அதே இடத்தில் பூ திரும்பி வராது. இன்னும் நிறையக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு குறைத்த பிறகு முதல் வெள்ளைப் பூ முளைக்கிறது என்று உங்கள் வரைபடத்தோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை வைத்தே பேசலாம்.