கினிபிக் அசையாமல் இருந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தமா?

(திரையில்: கூண்டின் மூலையில் கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி. வெட்டிய ஓட்டை வழியே ஒரு மூக்கு மட்டும் தெரிகிறது.)

இந்த மூக்கைப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நான்கு நாள் மிளகு என்ற எங்கள் கினிபிக் எங்களுக்குக் காட்டியது இவ்வளவுதான். கூடவே வந்த முந்திரி இதைக்கூடக் காட்டவில்லை. ராத்திரி வைத்த கொத்தமல்லி காலையில் இருக்காது. உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

வணக்கம். புதிதாகக் கினிபிக் வாங்கியவர்களுக்கு இரண்டாம் நாளே ஒரு வருத்தம் வந்துவிடும். ஆசையாக வாங்கினோம், நம்மைக் கண்டாலே ஓடுகிறதே! கடையில் கையில் வைத்திருந்தபோது அவ்வளவு சாதுவாக இருந்ததே என்று கூடவே ஒரு குழப்பமும். உண்மையில் வீட்டில் ஓடுவதும் பயம், கடையில் சாதுவாக இருந்ததும் பயம். கடையில் பார்த்ததை நாம் அமைதி என்று நினைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

(திரையில்: ஆண்டீஸ் மலைச்சரிவின் வரைபடம்.)

பெயரில் பன்றி இருந்தாலும் பன்றிக்கும் இதற்கும் உறவில்லை. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. தமிழில் சீமைப் பெருச்சாளி என்று சொல்வதுண்டு, அது இன்னும் அநியாயம். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி: பெரு, பொலிவியா, எக்வடோர். அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக இதை வீட்டில் வளர்க்கிறார்கள், முக்கியமாகச் சமைப்பதற்கு. 'கூய்' என்று பெயர். பெருவில் இன்றும் விருந்துச் சாப்பாடு. அதனால் ஒரு மனிதக் கை மேலேயிருந்து இறங்கும்போது அது அலறி ஓடினால், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அதன் காட்டு உறவினர்கள் புல்வெளியில் கூட்டமாக மேய்பவை. வானத்தில் பருந்து, தரையில் நரி. எதிர்த்து நின்று ஜெயிக்கிற உடம்பு இல்லை. தெரிந்த தந்திரம் இரண்டுதான்: உறைந்து நிற்பது, இல்லையென்றால் சிதறி ஓடுவது. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் நடப்பதை நன்றாகப் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது, ஆழமும் தூரமும் பிடிபடாது. மேலே ஒரு நிழல் நகர்ந்தால் பருந்தா உங்கள் கையா என்று யோசித்துக்கொண்டிருக்காது.

சரி, உறைந்து நிற்பதையும் நிம்மதியாக இருப்பதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் தாடையைப் பார்ப்பேன். வாயில் ஒரு புல் பாதி நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் மெல்லவில்லை; கண் பிதுங்கி ஓரத்தில் வெள்ளை தெரிகிறது; உடம்பு கல்லு மாதிரி. இது பயம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தாடை அசைந்துகொண்டே இருந்தால், முகம் கழுவினால், பின்னங்காலை ஒரு பக்கம் நீட்டிப் படுத்தால், அதற்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று அதை ஒரு விளையாட்டாகச் செய்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது உறைதலின் உச்சம்.

(திரையில்: கூண்டுக்குள் இரண்டு அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல்.)

முதலில் பெட்டி. 'ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வரவே வராது, எடுத்துவிடு' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் ஒரு நாள் எடுத்தேன். இரண்டும் புல்லைக் குவித்து அதற்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கியதைப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துவிட்டேன். ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இரை விலங்கு வெளியே வந்து பார்க்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வாசலை அடைத்துக்கொள்ளும், சண்டை வரும்.

கூண்டை வைக்கும் இடமும் முக்கியம். மிக்ஸிக்கும் குக்கருக்கும் பக்கத்தில் வேண்டாம், நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகூட அவற்றுக்குக் கேட்கும். பால்கனி வேண்டாம். காக்கை நிழல் ஒருபுறம் இருக்கட்டும், வெயில்தான் பெரிய ஆபத்து. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் இவற்றுக்கு வசதி. சென்னை மே மாதத்தில் அது நடக்கிற காரியமா? ஆகவே வீட்டின் குளிர்ச்சியான அறை, ஃபேன் காற்று நேராகப் படாத மூலை, துணி சுற்றிய ஐஸ் பாட்டில். வெயில் நாளில் தட்டையாகப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால், எச்சில் ஒழுகினால், 'பழகிவிட்டது, பாருங்கள் எவ்வளவு நிம்மதி' என்று போட்டோ எடுக்காதீர்கள். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

(திரையில்: நீளமான காம்போடு ஒரு கொத்தமல்லித் தழை, கம்பிக்கு அருகே.)

இனி பழகுவது. முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் செய்ய வேண்டாம். புல், தண்ணீர், கீரை வைக்கும்போது ஒரே மாதிரி குரலில் ஏதாவது பேசுங்கள். நான் அன்றைய காய்கறி விலையைச் சொல்வேன். அப்புறம் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நின்றால் நீங்கள் மலை. நீளக் காம்புள்ள கொத்தமல்லியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தழையைப் பெட்டி வாசல் பக்கம் நீட்டுங்கள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடும். ஓடட்டும். போக விடுவதுதான் வேலையே. போன பிறகும் எதுவும் நடக்கவில்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. நாளுக்கு நாள் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்குங்கள். மிளகு பன்னிரண்டாம் நாள் என் விரலுக்கு அருகிலேயே நின்று மென்றது. முந்திரிக்கு இரண்டு மாதம் ஆனது.

மிளகு தைரியமாக வாங்கிச் சாப்பிடுவதைப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் முந்திரி வந்தது. துணையில்லாமல் இவை தவித்துப்போகும். சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிபிக்கைத் தனியாக வளர்க்கவே கூடாது. நம் ஊரில் சட்டம் கேட்காது, ஆனாலும் ஒரே பாலினத்தில் இரண்டாக வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் ஐந்தாறாகிவிடும்.

தொடும்போது பக்கவாட்டிலிருந்து, கன்னத்தோரமாக. முதுகின் பின்பகுதியைத் தொட்டால் பலவற்றுக்குப் பிடிக்காது. தலையை வெடுக்கென்று மேலே தூக்கி உங்கள் கையைத் தள்ளினால் 'போதும்' என்று பொருள், கையை எடுத்துவிடுங்கள். குட்டையாக 'ட்ர்ர்' என்று ஒரு அதிர்வு வந்து உடம்பு விறைத்தால் ஏதோ பிடிக்கவில்லை. அடித்தொண்டையில் நிதானமாக நீளும் 'உர்ர்ர்' என்றால் சுகம். பல்லை நறநறவென்று தட்டினால் கோபம், கை தூரமாகவே இருக்கட்டும்.

தூக்குவதில்தான் பலரும் பத்து நாள் சம்பாதித்ததை ஒரே நிமிடத்தில் இழக்கிறார்கள். கூண்டு முழுக்கத் துரத்திப் பிடித்தால், கை என்றால் பருந்து என்று உறுதியாகிவிடும். நான் ஒரு சின்னத் துணிக்கூடையில் குடைமிளகாய்த் துண்டு வைப்பேன். அது தானாக உள்ளே ஏறியதும் கூடையோடு தூக்கிவிடலாம். கையால்தான் தூக்க வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பகுதியைத் தாங்க வேண்டும். மடியில் வைத்தால் நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உயரம் தெரியாத பிராணி, சோபாவிலிருந்து அப்படியே குதித்துக் காலையோ பல்லையோ உடைத்துக்கொள்ளும். குழந்தைகள் எழுந்து நின்றுகொண்டு தூக்கவே கூடாது.

குடைமிளகாய் லஞ்சம் மட்டுமில்லை. நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சியைத் தானே தயாரிக்காது. அது குறைந்தால் மூட்டு வலிக்கும், தொட்டாலே கத்தும். பழகிவந்த கினிபிக் திடீரென்று தொட விடவில்லை என்றால் காரணம் பயமாகவே இருக்க வேண்டியதில்லை. புதிது வந்த முதல் நாள் நம் எதிரே சாப்பிடாதது சகஜம். ஆனால் இரவிலும் புல் குறையவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் மறுநாள் காலையிலேயே டாக்டர். இவற்றின் குடல் நின்றால் நிலைமை சீக்கிரம் மோசமாகும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். நாங்கள் கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்துக்கொள்வோம்.

தீபாவளி வாரத்தில் எல்லாம் பின்னோக்கிப் போகும். போர்வையைக் கூண்டின் மேல் பாதி மூடி, புல்லை நிறையப் போட்டு, பழையபடி காம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

(திரையில்: இரவு. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிறது. பின்னணியில் 'வீக்! வீக்! வீக்!')

இந்தச் சத்தம் எங்கள் வீட்டில் முதலில் கேட்டது மூன்றாவது வாரம். பாலிதீன் பை சரசரத்தாலும் வரும், ஃப்ரிட்ஜ் திறந்தாலும் வரும். அன்றைக்கு எல்லோருமாகக் கைதட்டினோம். இப்போது ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர், பூனை மாதிரிதான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.