வலது கையை நீட்டிக்கொண்டே இருந்தவர்

வணக்கம் நேயர்களே.

இரவு பத்து மணிக்கு மேல் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வரும். "அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், யாராவது இருக்கிறார்களா?" இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்காதவர்கள், அல்லது கேட்கவேண்டி வராதவர்கள், இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். ரத்த தானம் என்று யார் அழைத்தாலும் போய்ப் பேசுகிறவன் நான். பேசிப் பேசி என் வீட்டார் காது புளித்துவிட்டது. அதனால் இன்று பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிசன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். ரயில்வேயில் எழுத்தர் வேலை. 2025 பிப்ரவரி 17 அன்று, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதியோர் இல்லம் ஒன்றில், தூக்கத்திலேயே காலமானார். வயது 88.

இறந்த செய்தி வந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் '24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றியவர்' என்று எழுதின. 'தங்கக் கை மனிதர்' என்ற பட்டமும் கூடவே வந்தது. அந்த 24 லட்சத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்குப் பிடித்த கணக்கு வேறு. அவர் தன் வாழ்நாளில் ரத்தமும், ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவும் கொடுத்தது 1,173 முறை. அதில் வலது கையிலிருந்து 1,163 முறை. இடது கையிலிருந்து 10 முறை.

கவனித்தீர்களா? பத்தே முறைதான் இடது கை! ஒவ்வொரு முறையும் அதே கையை நீட்டியிருக்கிறார், அதே இடத்தில் ஊசி இறங்கியிருக்கிறது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த மனிதருக்கு ஊசி என்றால் ஆகாது. ஊசி குத்துவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். கூரையைப் பார்ப்பாராம், செவிலியரோடு பேச்சுக் கொடுப்பாராம், அதற்குள் வேலை முடிந்துவிடும். "எனக்கு ஊசி என்றால் பயம், அதனால்தான் ரத்தம் கொடுப்பதில்லை" என்று என்னிடம் சொல்லும் நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைத் திரும்பச் சொல்கிறேன்: 1,173 முறை கொடுத்தவருக்கும் ஊசி பயம்தான். கடைசி நாள்வரை அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை.

எங்கே தொடங்கியது இது? 1951ஆம் ஆண்டு, அவருக்கு 14 வயது. நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. ஒரு நுரையீரலை எடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்தால்தான் நீ பிழைத்தாய் என்று அப்பா சொன்னார். அந்த அப்பாவும் ரத்தம் கொடுப்பவர். எனக்கும் வயது வரட்டும், நானும் கொடுக்கிறேன் என்று பையன் சொன்னான். கட்டிலில் படுத்துக்கொண்டு யார்தான் சொல்ல மாட்டார்கள்? எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறந்துவிடுவோம். இவர் 18 வயது ஆனதும் போய் வரிசையில் நின்றார்.

சில ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவர்கள் அவருடைய பிளாஸ்மாவில் அரிதான ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதை விளக்குவதற்குப் படம் இல்லை, கரும்பலகை இல்லை, என் வாய்தான் இருக்கிறது. முடிந்தவரை சொல்கிறேன்.

உங்கள் ரத்தப் பிரிவின் பின்னால் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று போட்டிருக்கும் அல்லவா? அதுதான் ஆர்.எச். தாய் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் ஆபத்து. தாயின் எதிர்ப்பொருள் அந்தக் குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும். கடுமையான ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, சில சமயம் மரணம். மூத்தது நன்றாகப் பிறந்து, அடுத்தடுத்துப் பிறந்தவை தங்கவில்லை என்று பெரியவர்கள் சொல்லும் கதைகளில் சிலவற்றுக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

இதற்கு மருந்து, தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி. வாசல் காவலாளி அந்நியன் முகத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வதற்குள், அந்நியனைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிடுவது போன்ற வேலை அது. அந்த மருந்தை மனித பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதுவும் இந்த எதிர்ப்பொருள் ஏற்கனவே இருக்கும் சிலரின் பிளாஸ்மாவிலிருந்து. ஹாரிசனின் உடலில் அது நிறைய இருந்தது. சிறு வயதில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் வந்திருக்கலாம் என்கிறார்கள். 1967இல் ஆஸ்திரேலியாவில் ஆன்டி-டி திட்டம் தொடங்கியபோது முதல் கொடையாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பல பத்தாண்டுகள்.

இப்போது அந்த 24 லட்சத்துக்கு வருகிறேன். அது ஒரு மதிப்பீடு. அத்தனை குழந்தைகளும் மருந்து இல்லாவிட்டால் இறந்திருப்பார்கள் என்று பொருள் இல்லை. ஊசி போடாவிட்டாலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகாது. எந்தத் தாய்க்கு உருவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் நெகட்டிவ் தாய்மார்கள் எல்லோருக்கும் போடுகிறார்கள். இதை நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, அவர் பெருமையைக் குறைக்கிறேன் என்கிறார்கள். நான் குறைக்கவில்லை ஐயா! பெரிய எண்ணைக் கேட்டதும் அவரைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டு நாம் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறோம். 1,173 அப்படி இல்லை. அது ஒரு மனிதர் வேலை முடிந்து, பை எடுத்து, வண்டி பிடித்துப் போய் வந்த கணக்கு. 18 வயதிலிருந்து 81 வயது வரை ஆண்டுக்குச் சராசரியாகப் பதினெட்டு முறைக்கு மேல்.

ஊருக்கு உழைப்பவன் வீட்டுக்கு ஆகமாட்டான் என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. பொதுவேலை என்று கிளம்புகிறவரின் மனைவியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அனுதாபப்படுவார்கள். ஹாரிசன் வீட்டில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அப்பா கொடையாளர் என்று சொன்னேன். மனைவியும் கொடையாளர். 2005இல் மனைவி இறந்த பின்பும் அவர் போவதை நிறுத்தவில்லை. மகளுக்குத் திருமணமாகி, தலைப்பிரசவம் முடிந்தபோது, அவருக்கே ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டது. பின்னர் பேரனின் மனைவிக்கும் தேவைப்பட்டது. யாருக்கென்று தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தது, சுற்றிச் சுற்றி அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அந்த மருந்து இல்லாவிட்டால் எங்கள் குடும்பமே இப்படி இருந்திருக்காது என்று அவர் இறந்தபோது மகள் சொன்னார். வீட்டுக்கு வேறு, ஊருக்கு வேறு என்று அந்த மனிதர் கணக்கு வைத்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

2018 மே மாதம் சிட்னியில் கடைசி முறை கொடுத்தார். வயது வரம்பைத் தாண்டிவிட்டார், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சாய்ந்திருந்த நாற்காலிக்கு மேலே வெள்ளி நிறப் பலூன்களில் 1, 1, 7, 3 என்று எண்கள். சுற்றிலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். நீட்டியது வலது கையைத்தான். தன் சாதனையை யாராவது முறியடிக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. 2022இல் அமெரிக்கர் ஒருவர் முறியடித்தும்விட்டார்.

ஆன்டி-டியை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்க ஆஸ்திரேலியாவில் நடக்கும் முயற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு 'ஜாடிக்குள் ஜேம்ஸ்' என்று அங்கே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அப்பால் இருந்து கையைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிப் பெண் நெகட்டிவ் பிரிவாக இருந்தால் முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் ஆன்டி-டி பற்றிக் கேளுங்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போடவேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டாலும் தேவைப்படலாம், குழந்தைதான் பிறக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், அதையும் கேளுங்கள். வணக்கம்.