மழையில் பதினேழு பேர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விழாவுக்கு வந்திருக்கும் பினாங்கு மக்களே, வணக்கம்.

‘வெளிநாட்டுச் சுற்றுலாவில் மழை பிடித்துக்கொண்டால் பெரிய குடும்பம் பலமா, பாரமா?’ பலமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு பேராகப் போனால் ஒரு குடை போதும், ஒரு கிராப் வாடகைக் கார் போதும், மழை விட்ட நேரமாகப் பார்த்து ஐந்து இடம் சுற்றிவிடலாம். பதினைந்து பேராகப் போனால் ஒருவர் கழிப்பறையில் நிற்பார், ஒருவர் கடைக்குள் போய்விடுவார், குழந்தை அழும், கடைசியில் ஒரு இடம்கூட உருப்படியாகப் பார்க்க முடியாது என்றார். கணக்கில் பாதி சரிதான். செலவு கூடும், நேரம் போகும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை இடம் என்று எண்ணியவர், யார் யாரோடு வந்தார்கள் என்பதை எண்ணவே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாத்தா 1952இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு வந்தவர். 1926இலிருந்து 1973 வரை ஓடிய கப்பல் அது, இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பலர் வீட்டிலும் அந்தப் பெயர் புழங்கியிருக்கும். தாத்தாவின் தங்கை, எனக்கு அத்தைப் பாட்டி, 79 வயது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எட்டு மாதக் கைக்குழந்தை என்று 14 பேராக நாகப்பட்டினத்திலிருந்து காலாண்டு விடுமுறையில் வந்து இறங்கினார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் தங்கலாம் என்று ஆன பிறகுதான் மொத்தக் குடும்பமும் கிளம்பத் துணிந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர். ஆக 17.

நாகைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. நமக்கோ செப்டம்பர், அக்டோபரிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அன்று காலை எங்கள் வீடு இருக்கும் பட்டர்வொர்த்தில் பிடித்த மழை, தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டது. பிடித்திருந்த வேன் முக்கால் மணி நேரம் தாமதமாக வேறு வந்தது. போட்டிருந்த திட்டம் அங்கேயே போயிற்று.

சரி, முதலில் கொடிமலை, அதுதான் பினாங்கு ஹில். மேகம் மூடியிருக்கிறது, மேலே போனால் ஒன்றும் தெரியாது என்று கீழ் நிலையத்திலேயே பார்த்தால் தெரிந்தது. எதிரணி நண்பராக இருந்தால் டிக்கெட் காசு வீண் என்று திரும்பியிருப்பார். நாங்கள் ஏறினோம். மலை ரயில் 1923இலிருந்து ஓடுகிறது, பெட்டிகள் மாறியிருக்கின்றன. பாதி வழியில் கண்ணாடிக்கு வெளியே மரங்கள் மறைந்தன, அப்புறம் வெள்ளை மட்டும்தான். மேலே இறங்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் ஐயா அவர்கள். மலையே இல்லாத ஊர். கடலைப் பார்க்க அவர்கள் இவ்வளவு உயரம் ஏற வேண்டிய அவசியமே இல்லை, தெருமுனைக்குப் போனால் கடல். மேகத்துக்குள் நிற்பது அவர்களுக்குப் பிறந்தது முதல் கிடைக்காத ஒன்று. பெரியவர்களாகிய நாம் காட்சி தெரியவில்லை என்று நிற்கிறோம், ஏழு பிள்ளைகள் மேகத்துக்குள் ஓடி மறைந்து, குரலை மட்டும் வைத்து ஒருவரை ஒருவர் தேடி விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கு ஏழு பிள்ளைகள் வேண்டும். ஒற்றைப் பிள்ளையோடு வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் நின்றது, அந்தப் பிள்ளையும் இவர்களோடு சேர்ந்துகொண்டது. மலைமேல் முருகன் கோயிலில் மழை விடும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படி, எல்லாம் நனைந்து கிடந்தது. அத்தைப் பாட்டியால் ஏற முடியாது, கைக்குழந்தையையும் மழையில் கொண்டு போக முடியாது. இரண்டு பேராக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று இருவரும் ஏறாமல் திரும்புவார்கள், இல்லை ஒருவர் ஏற, மற்றவர் கீழே தனியாகக் காத்திருப்பார். எங்களில் ஐந்து பேர் பாட்டியோடு கீழே தங்கினோம், குழந்தை மடி மாறி மாறித் தூங்கியது, மற்றவர்கள் ஏறிப் போய் எல்லோருக்கும் சேர்த்து விபூதி கொண்டு வந்தார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை. பாரம் என்கிறீர்களே, பாரத்தைச் சுமக்க அத்தனை தோள் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு, நான்கு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அது ஒரு சிரமமும் இல்லை.

நான் இங்கே எழுந்து நிற்பதற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. லிட்டில் இந்தியாவில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம், 1833இல் கட்டிய கோயில், இந்தத் தீவிலேயே பழைய இந்துக் கோயில். திரும்ப மழை. இந்த முறை வேன் வரைக்கும்கூடப் போக முடியாத மழை. நம் பழைய கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறதே, காக்கி லீமா, வெயிலுக்கும் மழைக்கும் என்றே கூரை போட்டுக் கட்டியது, அதில் ஒதுங்கினோம். பூக்கடைக்காரர் பாட்டிக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் அசைய முடியவில்லை. மல்லிகை வாசம், கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர், போவதற்கு இடமில்லாமல் நிற்கும் 17 பேர்.

பாட்டி தானாகப் பேச ஆரம்பித்தார். அண்ணன் கப்பல் ஏறிய நாள். அவருக்கு அப்போது ஏழு வயது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் கடலிலேயே நிற்கும், படகில்தான் ஆட்களைக் கொண்டு போவார்கள். அண்ணன் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துப் படகில் உட்கார்ந்திருந்தார் என்றார். மூத்த மகன் குறுக்கிட்டு, பெட்டியை மாமா எடுத்துப் போகவில்லையே, வீட்டில்தானே இருக்கிறது என்றார். மகள் சொன்னார், அது வேறு பெட்டி, மாமா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. அதுவரை பேசாமல் நின்ற என் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது என்றார். அப்பாவுக்கு 62 வயது. தன் தந்தை எப்படிப் புறப்பட்டார் என்பதை அன்றுதான், ஒரு பூக்கடை வாசலில், முதல் முறையாகக் கேட்டார். தாத்தா இங்கே அதைப் பற்றிப் பேசியதே இல்லை. புறப்பட்ட கதை நாகப்பட்டினத்தில் இருந்தது, வந்து சேர்ந்த கதை பட்டர்வொர்த்தில் இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் சேர்த்து, எழுபது ஆண்டுக்குப் பிறகு அது ஒரே கதையாயிற்று.

நடுவர் அவர்களே, பாட்டி மட்டும் தனியாக வந்திருந்தால் பெட்டிகள் இரண்டு என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? அன்று வெயில் அடித்திருந்தால் நாங்கள் அந்த நடைபாதையில் நின்றிருப்போமா? அடுத்த இடத்துக்கு வேன் ஏறியிருப்போம். ஆளும் நிறைய வேண்டியிருந்தது, மழையும் வேண்டியிருந்தது. எதிரணி நண்பரின் ஐந்து இடங்கள் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். 79 வயதில் பாட்டி மறுபடி எப்போது வருவார்?

மாலையில் பாலம் வழியாகத் திரும்ப வேண்டாம், தண்ணீரில் போகலாம் என்று பாட்டிதான் கேட்டார். வேனைப் பாலத்துக்கு அனுப்பிவிட்டுப் பெர்ரி ஏறினோம். தூறல் நிற்கவில்லை. இப்போது பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கிற துறைமுகப் பக்கம் அப்பா கை காட்டினார். பாட்டி கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிள்ளைகள் ஏழு பேரும் அந்த ஒரே ஜன்னலில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பா ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார்.

நன்றி, வணக்கம்.