போன் வரவைக்கும் சொல், காசு கரைக்கும் சொல்

நேயர்களுக்கு வணக்கம். கூகுள் தேடலில் விளம்பரம் கொடுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கீவேர்டு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யார் எதைத் தட்டித் தேடினால் நம் விளம்பரம் தெரியவேண்டும் என்று நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோமே, அந்தச் சொல்தான் கீவேர்டு. விளம்பரத்தை ஒருவர் தொட்டால் நமக்குக் காசு போகும். தொட்டவர் கடைக்கு வந்தாரா என்பது வேறு கதை.

மயிலாப்பூரில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். மூன்று மெஷின், ஆரி ஒர்க் போட ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான் கடை. நாளுக்கு 300 ரூபாய் என்று விளம்பரம் போட்டிருந்தார். "தம்பி, காசு போகுது, போன் மட்டும் வரல" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அவர் கொடுத்திருந்த சொற்கள் இரண்டே இரண்டு: 'பிளவுஸ் டிசைன்', 'ஆரி ஒர்க்'.

கணக்குக்குள் 'சர்ச் டெர்ம்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. நாம் கொடுத்த சொல் வேறு, ஜனங்கள் நிஜமாகத் தட்டிய சொல் வேறு. இரண்டாவதை அங்கே பார்க்கலாம். எல்லாவற்றையும் காட்டாது, ஆனாலும் வியாதி என்னவென்று தெரிந்துவிடும். அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். 'பேக் நெக் டிசைன் போட்டோ', 'ஆரி ஒர்க் கிளாஸ் ஃபீஸ்', 'பிளவுஸ் கட்டிங் எப்படி', 'ஆரி ஊசி விலை'. நாலாவதுக்கு அக்காவே சிரித்துவிட்டார். படம் பார்க்க வந்தவர், படிக்க வந்தவர், சாமான் வாங்க வந்தவர் எல்லாருக்கும் அவர் காசில் விளம்பரம் காட்டியாகிவிட்டது. தைக்கத் துணி வைத்திருப்பவர்தான் இல்லை.

டிசைன் பார்ப்பவர் நாளைக்குத் தைக்கவும் வருவாரே என்பீர்கள். வருவார், ஆனால் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு. 300 ரூபாயில் ஊருக்கெல்லாம் படம் காட்ட முடியாது.

சரி, எந்தச் சொல்லைக் கொடுப்பது? கீவேர்டு பிளானர் என்று கூகுளே ஒரு கருவி தருகிறது; எந்தச் சொல்லை மாதம் சுமார் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும். நான் அதை இரண்டாவதாகத்தான் திறப்பேன். முதலில் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, போன் செய்பவர் பேசும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொன்னேன். 'லைனிங் பிளவுஸ் தைக்க எவ்ளோ?' 'அளவு பிளவுஸ் கொடுத்தா போதுமா?' 'பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பீங்களா?' ஒரு வாரத்தில் நாலு பக்கம் நிறைந்தது. 'எவ்ளோ' என்று விலை கேட்பவரும் 'மயிலாப்பூர்ல எங்க' என்று இடம் கேட்பவரும் கையில் துணியோடு நிற்பவர்கள். அந்தச் சொற்களைத்தான் எடுத்தேன்.

அடுத்து, சொல்லைக் கொடுக்கும் விதம். ஒன்றும் போடாமல் வெறுமனே கொடுத்தால் அது 'பிராட்'. சம்பந்தம் இருக்கிறது என்று கூகுள் நினைக்கும் தேடலுக்கெல்லாம் காட்டும். மேற்கோள் குறிக்குள் போட்டால் 'ஃபிரேஸ்', அந்தச் சொல்லின் பொருள் அடங்கிய தேடலுக்குக் காட்டும். சதுர அடைப்புக்குள் போட்டால் 'எக்ஸாக்ட்', அதே பொருள் கொண்ட தேடலுக்கு மட்டும். எக்ஸாக்ட் என்றால் எழுத்துக்கு எழுத்து என்று நம்பவேண்டாம், அதே பொருளில் வேறு மாதிரி தேடினாலும் காட்டும். சின்ன பட்ஜெட்டுக்கு இந்தப் பின்னிரண்டு போதும் என்பது என் கட்சி.

அதைவிட முக்கியம், வேண்டாத சொல். தேடலில் இது இருந்தால் காட்டாதே என்று நாம் கொடுக்கும் நெகட்டிவ் கீவேர்டு. கிளாஸ், போட்டோ, ஊசி, வேலை, எப்படி... அன்றைக்கே முப்பது சொல் சேர்த்தோம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'கிளாஸ்' என்று தடுத்தால் 'கிளாசஸ்' தடுபடாது. ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களுக்காக 'தையல் வகுப்பு' என்பதையும் இரண்டு எழுத்திலும் போட்டேன்.

போட்டிக் கடையின் பெயரையே கீவேர்டாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இது நம்மூர் கோர்ட்டே பார்த்த விஷயம். பாரத் மேட்ரிமோனியை நடத்திய நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் போட்ட வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அங்கே பெரிய வாதமாக இருந்தது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் கடையையே தேடி வந்தவர் நம்மைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போவார், காசு நம்முடையது. எனக்குப் பிடிக்காது.

போன வாரம் பட்டியலில் புதிதாக ஒன்று வந்திருந்தது: 'ஒரே நாளில் பிளவுஸ் தைக்க'. நல்ல சொல், அவசரக்காரர் பேரம் பேசமாட்டார். சேர்க்கட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆவணி முகூர்த்தம் முடியறவரைக்கும் வேண்டாம்பா, அப்புறம் போடு" என்றார். எழுதி நிறுத்தி வைத்திருக்கிறேன்.