பெரிய ரெப்போவில் கிட் எங்கே திணறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டைப் பற்றி மென்பொருள் குழுக்களில் அடிக்கடி காதில் விழும் புகார், "கிட் ரொம்ப ஸ்லோ" என்பது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ரெப்போ, அதாவது கிட் கண்காணிக்கும் கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த களஞ்சியம், மூன்று விதமாகப் பெரிதாகிறது. கோப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது, கமிட்டுகளின் (பதிவு செய்த மாற்றங்களின்) வரலாறு நீள்கிறது, உள்ளே சேர்ந்த தரவின் எடை ஏறுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மாற்றிக் கொடுத்தால் வேகம் வராது, புதுத் தொல்லைதான் வரும்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். கிட்-ட்ரேஸ்2-பெர்ஃப் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து எவை மாறியுள்ளன என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் போனது என்று திரையில் வரிவரியாக வரும். கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையை மைனஸ் விஹெச் சேர்த்துக் கொடுத்தால் எடை தெரியும்.

கோப்பு எண்ணிக்கைக்குச் சரியான உதாரணம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ரெப்போ. 2017-இல் அது கிட்டுக்கு மாறியபோது சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி அளவு. சாதாரண கிட்டில் கிளோன் செய்ய (முழு நகல் எடுக்க) 12 மணி நேரத்துக்கு மேல், ஒரு ஸ்டேட்டஸுக்கு 10 நிமிடம் வரை ஆனது.

காரணம் இண்டெக்ஸ் என்ற ஒரே ஒரு கோப்பு. கிட் கண்காணிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு உண்டு: அளவு, மாற்றிய நேரம், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி), பாதை. ஸ்டேட்டஸ் கொடுத்தால் கிட் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வட்டில் உள்ள கோப்பு அப்படியே இருக்கிறதா என்று இயக்க முறைமையிடம் கேட்கிறது. பிறகு, கண்காணிக்காத புதுக் கோப்பு ஏதும் உண்டா என்று எல்லா அடைவுகளையும் துழாவுகிறது. நீங்கள் தொட்டது ஒரே கோப்பாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஒரு பதிவுக்கு 100 பைட் என்று வைத்தாலும், 35 லட்சம் கோப்புக்கு இண்டெக்ஸ் 350 எம்பி ஆகிவிடும். ஒரு கோப்பை அடுத்த கமிட்டில் சேர்க்க கிட் ஆட் செய்தால் அந்த 350 எம்பியும் திரும்ப எழுதப்படும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கேள்வி கேட்பதைக் குறைப்பது. கோர்-டாட்-எஃப்எஸ்மானிட்டர் அமைப்பை ட்ரூ என்று வைத்தால் எந்தக் கோப்பு மாறியது என்பதைப் பின்னணிச் செயலி ஒன்று குறித்துக்கொண்டே இருக்கும். கிட் அவற்றை மட்டும் பார்க்கும். கிட் 2.37 முதல் விண்டோஸிலும் மேக்கிலும் இது கூடவே வருகிறது. லினக்ஸில் வாட்ச்மேன் என்ற கருவியை ஹுக் (கிட் தானாக அழைக்கும் சிறு ஸ்கிரிப்ட்) வழியாக இணைக்கலாம். கூடவே, புதுக் கோப்புகளைத் துழாவும் வேலையைக் குறைக்கும் கோர்-டாட்-அன்ட்ராக்டுகேஷையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வட்டில் இருக்கும் கோப்புகளையே குறைப்பது. ஸ்பார்ஸ்-செக்கவுட் மூலம் உங்களுக்கு வேண்டிய அடைவுகளை மட்டும் இறக்கலாம். ஆனால் அத்தோடு நின்றால் இண்டெக்ஸ் பழைய பருமனிலேயே இருக்கும். ஸ்பார்ஸ்-இண்டெக்ஸையும் இயக்கினால்தான் இறக்காத அடைவு ஒவ்வொன்றும் ஒற்றைப் பதிவாகச் சுருங்கும். பலர் தவறவிடும் இடம் இது. கிட் 2.38 முதல் கூடவே வரும் ஸ்காலர் என்ற கருவி இந்த அமைப்புகளில் பலவற்றைத் தானே செய்துவிடும்.

வரலாற்றின் நீளம் அவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. வரலாற்றைக் காட்டும் கிட் லாக் மெதுவாக இருந்தால், கமிட்டுகளின் தொடர்பை முன்கூட்டியே குறித்துவைக்கும் கமிட்-கிராஃப் கோப்பை எழுதிவிட்டாலே பெரும்பாலும் தீரும். கிட் மெயின்டனன்ஸ் ஸ்டார்ட் என்று ஒரு முறை கொடுங்கள், அது மணிக்கொரு முறை தானாகப் புதுப்பிக்கப்படும். இங்கே ஒரு எச்சரிக்கை. டெப்த் 1 வைத்து, கடைசிக் கமிட்டை மட்டும் எடுக்கும் ஷாலோ கிளோன், கோடைத் தானாக பில்டு செய்து முடிந்ததும் அழித்துவிடும் சிஐ இயந்திரங்களுக்குத்தான் ஏற்றது. தினமும் வேலை செய்யும் ரெப்போவில் அதைப் போட்டால் பிளேம் (ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் கட்டளை) பொய் சொல்லும், கிளைகளை இணைக்கப் பொது மூதாதைக் கமிட் கிடைக்காது. டெவலப்பருக்கு ஃபில்டர் பிளாப்-நன் கிளோன்தான் சரி. கமிட்டுகள் எல்லாம் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது இறங்கும். நெட் இல்லாத இடத்தில் பழைய பதிப்பைத் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடை விஷயம்தான் சிக்கலானது. கிட் எல்லாப் பதிப்புகளையும் முழுசாக வைப்பதில்லை. ஒத்த கோப்புகளை அருகருகே அடுக்கி வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும். எது எதோடு ஒத்தது என்று யூகிக்க, பாதையின் கடைசி 16 எழுத்துகளைப் பார்க்கும். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் உள்ள ஒரு ரெப்போவில் ஒவ்வொன்றிலும் 'சேஞ்ச்லாக்-டாட்-ஜேசன்' இருக்கிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் வரும் சாய்கோட்டோடு அதுவே 15 எழுத்து. எந்தப் பேக்கேஜ் என்று பிரித்துச் சொல்ல ஒரே எழுத்துதான் மிச்சம். ஆகவே சம்பந்தமில்லாத பேக்கேஜ்களின் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒப்பிடும் சாளரத்தில் இயல்பாக 10 இடம்தான். அதற்குள் சரியான ஜோடி சிக்காது. வித்தியாசம் சிறிதாக வராமல் கோப்பே கிட்டத்தட்ட முழுசாகப் பதிவாகும். மைக்ரோசாஃப்டின் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ரெப்போ இப்படித்தான் 178 ஜிபி வரை வீங்கியது. அடுக்கும் முறையை மாற்றியதும் 5 ஜிபிக்கு வந்தது. ஒரு வரி கோடும் அழிக்கப்படவில்லை.

கிட் 2.49-இலிருந்து, சேமித்ததை மறுபடி அடுக்கும் கிட் ரீபேக் மைனஸ் ஏடிஎஃப் கட்டளையோடு நேம்-ஹாஷ்-வெர்ஷன் 2 என்று சேர்த்தால் பாதை முழுவதும் கணக்கில் வரும். ஆனால் கிளோன் வருவது சர்வரிலிருந்து. உங்கள் லேப்டாப்பில் மட்டும் ரீபேக் செய்தால் அடுத்து கிளோன் எடுப்பவருக்குப் பலன் இல்லை. சர்வரிலும் செய்ய வேண்டும்.

வீடியோ, ஜிப் போன்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றில் ரீபேக் எதுவும் சாதிக்காது. பெரிய கோப்புகளை ரெப்போவுக்கு வெளியே வைக்கும் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். அது இனி வரும் கமிட்டுகளுக்குத்தான் உதவும். பழைய எடை இறங்க, எல்எஃப்எஸ் மைக்ரேட் மூலம் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். அப்போது கமிட் ஹாஷ்கள் மாறிவிடும். அந்த நாளுக்கு முன்பே எல்லோரும் நிலுவை வேலையை புஷ் செய்துவிட (சர்வருக்கு அனுப்பிவிட) வேண்டும். பின்பு பழைய கிளோனை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் பழைய கிளோனிலிருந்து ஒரு கிளையை புஷ் செய்தால் போதும், அகற்றிய எடை முழுவதும் திரும்பச் சர்வரில் வந்து உட்கார்ந்துவிடும்.