கண்ணாடியை மறந்து வந்தவர்

(பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தாளடி அறுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, இன்னொரு விழாவுக்கும் போகவேண்டிய நிலையிலும் நமக்காகக் காத்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, பந்தலும் மைக் செட்டும் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவர்களே, தாய்மார்களே, என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இதை நான் போகிற மேடையில் எல்லாம் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர், பெற்றோர், ஊர் என்று மூன்று தலைப்பில் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று தொடங்குவதாக இருந்தேன். ஆனால் ‘எனக்குக் கை கொடுத்தவர்’ என்று இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பேசியதைக் கேட்ட பிறகு குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன ராத்திரி, நனைந்துபோன புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு தாளாக வெயிலில் காயவைத்துத் தந்த எதிர்வீட்டு அத்தையைப் பற்றி பிளஸ் டூ படிக்கும் மகள் சொன்னாள். இன்னொரு பிள்ளை, தான் ஓடி வருவது தெரிந்தால் விசில் அடிக்காமல் காத்திருக்கும் டவுன் பஸ் கண்டக்டரைச் சொன்னாள். சரி, அப்புறம் வந்தான் பத்தாம் வகுப்புத் தம்பி. பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதனால் நானே திரும்பச் சொல்கிறேன்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். வகுப்பில் வாசிக்க எழுந்தால் பின்னால் சிரிப்பு. ஆறாம் வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் ஆற்றங்கரையில் மதகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வான். அங்கே மதகு பார்க்கும் லஸ்கர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் பேப்பரை நீட்டி, “தம்பி, கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். மேட்டூருல தண்ணி எத்தன அடி நிக்கிதுன்னு பாத்துச் சொல்லுப்பா” என்றாராம். ‘மேட்டூர்’ என்பதில் ‘மே’ வரவே அரை நிமிடம் ஆனது. அவர் அவசரப்படவில்லை. ஷட்டர் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாளும் கண்ணாடியை மறந்து வந்தார். அதற்கு மறுநாளும். நீர்மட்டம், நீர்வரத்து, கனஅடி, டி.எம்.சி. எல்லாம் தம்பி வாயில் வந்தன. அப்புறம் தலைப்புச் செய்தி, அப்புறம் விளையாட்டுச் செய்தி. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க, அணையின் முழு மட்டமான 120 அடியில் இன்னும் எத்தனை அடி குறைகிறது என்று கணக்குப் போட்டு அவனே உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

பல மாதம் கழித்து ஒருநாள் லஸ்கர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கொட்டகையில் ஒரு நோட்டு திறந்து கிடக்கிறது. தினமும் ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் போகிறது என்று எழுதும் பதிவேடு. பொடிப்பொடியாக, முத்து மாதிரி கையெழுத்து. நேற்றைய தேதி வரை அவரே எழுதியிருக்கிறார். கண்ணாடி இல்லாமலே! அவர் கண்ணாடி போட்டுத் தம்பி ஒருநாளும் பார்த்ததில்லை. “அவருக்கு ஒருநாளும் கண்ணாடி தேவைப்படல ஐயா” என்று சற்று முன் இதே மைக்கில் ஒரு திக்கல் இல்லாமல் சொன்னானே, நீங்கள் கைதட்டினீர்களே, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தத் தேர் வீதி திரும்பாது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நான் சொல்வதில் அவரும் உண்டு, அந்த லஸ்கரும் உண்டு.

இப்போது அந்த லஸ்கர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த பிள்ளை சாயங்காலம் எங்கே போவான்? நம் ஊர்ப்புற நூலகத்துக்குப் போகலாமா? பள்ளி விட்டுப் பையை வைத்துவிட்டு ஓடினால், அங்கே பூட்டுத்தான் தொங்குகிறது.

இதே மண்ணில், சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவருக்கும் பேச்சு திக்கும். இந்திய நூலகத் துறைக்கே அவர் தந்தையானார். 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன்தான். மாட்டுவண்டிக் காலத்திலேயே புத்தகம் நம் வாசலுக்கு வந்திருக்கிறது ஐயா! 1948இல் நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அப்படியிருக்க, பிள்ளைக்கு நேரம் கிடைக்கிற ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை.

ஊர் கூடாமல் இந்தத் தேரும் நகராது. ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகக்கூடியவர்கள் இந்தப் பந்தலிலேயே இருபது பேராவது இருப்பீர்கள். ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா முதல் ஆளாக ஒப்புக்கொண்டார், அவருக்கு என் வணக்கம். ஆசிரியர், பெற்றோர் பற்றிப் பேச நினைத்ததை எல்லாம் இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன், தலைமையாசிரியர் அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நூலக நேரத்தை மாற்றக் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இங்கே அதை நான் வாசிப்பதாக ஏற்பாடு. லஸ்கருக்கு நீர்மட்டம் வாசித்துக் காட்டிய தம்பியே வாசிக்கட்டும். மேலே வாங்க தம்பி, மைக்கைப் பிடிங்க.