டெசிலு யாருடைய கம்பெனி? லூசில் பால் பற்றி ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருப்பதை அப்படியே வாசிக்கிறேன். "பழைய ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரில் டெசிலு என்று ஒரு பெயர் வருகிறது. அது லூசில் பால் என்ற நகைச்சுவை நடிகையின் கம்பெனி என்கிறார்கள். தொலைக்காட்சியில் அசட்டு மனைவியாக நடித்தவர் எப்படி ஸ்டூடியோ முதலாளி ஆனார்? எல்லாம் கணவர் செய்தது, பெயர் மட்டும் இவருக்கு என்றும் சொல்கிறார்களே, உண்மையா? ஐ லவ் லூசி தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

கணவர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் டெசி ஆர்னாஸ். டெசி, லூசி இரண்டும் சேர்ந்ததுதான் டெசிலு. வியாபாரத்தில் அவர் செய்தது நிறைய, அதைக் குறைத்துச் சொன்னால் பாவம். ஆனால் அந்தக் கம்பெனிக்கு வித்து லூசில் பால் பிடித்த ஒரு பிடிவாதம். புருஷன் ஊர் ஊராகச் சுற்றாமல் என்னோடு இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பாதி வேலைமுறை அதிலிருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் சின்ன வயதுக்குப் போக வேண்டும். 1911 ஆகஸ்ட் 6, நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டெலிபோன் கம்பி இழுக்கும் தொழிலாளி. டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. அம்மா வயிற்றில் தம்பி. அன்றைக்கு வீட்டுக்குள் ஒரு பறவை புகுந்து வெளியே போக வழி தெரியாமல் அடித்துக்கொண்டது அவர் நினைவில் தங்கிவிட்டது. கடைசிவரை பறவை என்றாலே பயம். பறவைப் படம் போட்ட அறையில்கூட இருக்க மாட்டார்.

பிறகு வளர்ந்தது தாத்தா பாட்டி வீட்டில், பக்கத்து ஊரான செலோரானில். தாத்தாதான் மேடை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போனவர். அந்த வீடும் போனது. 1927ல், பேரனுக்கு வாங்கிய துப்பாக்கியை வைத்துப் பிள்ளைகள் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பட்டு அவனுக்கு நடக்க முடியாமல் போயிற்று. வழக்கு நடந்தது, தாத்தா எல்லாவற்றையும் இழந்தார், குடும்பம் சிதறியது. பின்னாளில் சம்பாதிக்கத் தொடங்கியதும் இவர் முதலில் செய்த காரியம், அம்மா, தம்பி, தாத்தா எல்லோரையும் ஹாலிவுட்டுக்குக் கூட்டிவந்து ஒரே வீட்டில் வைத்துக்கொண்டதுதான். இந்தப் பெண்ணுக்குக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடிப்புப் பள்ளியில் சேர்ந்தபோது வயது பதினைந்து. கூச்சம் அதிகம், தேறாது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் மாடலிங், நோயில் நீண்ட நாள் படுக்கை, மறுபடி மாடலிங். 1933ல் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் படத்தில் கூட்டத்தோடு நிற்கும் பெண்ணாக ஹாலிவுட் போனார். ஆர்கேஓ ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்து சின்னச் சின்ன வேடங்கள் செய்தார். குறைந்த செலவுப் படங்களின் ராணி என்று பெயர் வந்தது. உச்ச நட்சத்திரம் ஆகவில்லை. நாம் பார்க்கும் அந்தச் சிவப்பு முடிகூட 1940களில் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் போட்ட சாயம். ஆர்கேஓ என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1940ல் ஒரு படப்பிடிப்பில் டெசியைச் சந்தித்தார். கியூபாக்காரர், இசைக்குழு நடத்துபவர், இவரைவிட ஆறு வயது சின்னவர். அந்த வருடம் நவம்பர் 30ஆம் தேதியே கல்யாணம். கல்யாணம் ஆனதுதான் மிச்சம், சேர்ந்து இருக்க நேரமில்லை. இவர் விடிகாலை ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது அவர் ராத்திரிக் கச்சேரி முடித்து வீடு திரும்புவார். மற்ற நாட்களில் அவர் குழுவோடு வெளியூரில். 1944ல் விவாகரத்து வரை போய்ச் சமாதானம் ஆனார்கள். கரு தங்காமல் போன துயரமும் இருந்தது.

1948ல் சிபிஎஸ் வானொலியில் லூசில் பால் நடித்த குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்று நன்றாக ஓடியது. இதையே தொலைக்காட்சிக்குச் செய்யலாம் என்றது சிபிஎஸ். கணவராக டெசி நடித்தால் செய்கிறேன் என்றார் இவர். அவர்கள் தயங்கினார்கள். அமெரிக்க வெள்ளைக்காரப் பெண்ணுக்கு உடைந்த ஆங்கிலம் பேசும் கியூபாக்காரர் கணவர் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். நிஜ வாழ்க்கையில் பத்து வருடமாகக் கணவன் மனைவியாக இருப்பவர்களிடம் இந்தக் கேள்வி! வாதாடிப் பயனில்லை என்று 1950ல் இரண்டு பேரும் ஒரு மேடை நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். சிபிஎஸ் இறங்கி வந்தது.

அடுத்த சிக்கல் நியூயார்க். அந்தக் காலத்தில் பெரிய நிகழ்ச்சிகள் அங்கிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். தூரத்து நகரங்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே கேமராவால் படம் பிடித்த பிரதியை அனுப்புவார்கள். அது மங்கலாக, புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். பார்வையாளர்கள் அதிகம் இருந்தது நியூயார்க் இருக்கும் கிழக்குப் பக்கம், இவர்கள் இருந்தது மேற்குக் கோடியில். விளம்பரதாரர் பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி. தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மங்கல் படமா என்று கேட்டார்கள், நியூயார்க் வாருங்கள் என்றார்கள். 1951 ஜூலை 17 அன்றுதான் முதல் குழந்தையாக மகள் பிறந்திருந்தாள். இவருக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டை விட்டு வர மாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் சினிமா போல 35 எம்எம் படச்சுருளில் எடுப்போம், எல்லா ஊருக்கும் தெளிவான பிரதி போகும் என்பது ஏற்பாடு. செலவு கூடும். டெசி ஒரு பேரம் பேசினார்: எங்கள் சம்பளத்தில் வாரம் 1000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், படச்சுருளின் உரிமை எங்கள் டெசிலு கம்பெனிக்கு. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற காலம் அது. சரி என்று கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சி வரலாற்றில் இதற்கு இணையான பேரம் எனக்குத் தெரிந்து இல்லை, அந்தப் பெருமை முழுக்க டெசிக்குத்தான்.

ஆனால் லூசில் பாலுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரித்தால்தான் நடிப்பு ஏறும். சினிமா முறையில் ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால் சிரிப்பு செத்துப்போகும். அதனால் ரசிகர்களை வரிசையாக உட்காரவைத்து, நாடகம் போலத் தொடர்ந்து நடித்து, மூன்று கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். பல கேமராக்களை வைத்து எடுப்பதை முன்பே சிலர் முயன்றதுண்டு, இவர்களே கண்டுபிடித்தார்கள் என்பது சரியல்ல. ஒழுங்காக நடக்கிற முறையாக அதை ஆக்கியது இவர்கள் குழுதான். ஒளிப்பதிவுக்கு கார்ல் ஃப்ராய்ண்ட் வந்தார். ஜெர்மனியில் மெட்ரோபாலிஸ் என்ற புகழ்பெற்ற மௌனப் படத்தை ஒளிப்பதிவு செய்தவர், ஆஸ்கர் வாங்கியவர். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக விளக்கு மாற்ற முடியாது அல்லவா? விளக்குகளை மேலே தூக்கி, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் வெளிச்சம் ஒரே சீராக விழும்படி செய்தார். அரங்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து சிரிக்கிற குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் இன்றுவரை ஏறக்குறைய இந்த முறையில்தான் எடுக்கப்படுகின்றன.

ஐ லவ் லூசி 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. ஆறு பருவம், 180 கதைகள். இதில் லூசில் பால் செய்த வேலை என்ன என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன், 1952ல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி. லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் வேலைக்குச் சேர்கிறார்கள். எத்தலாக நடித்தவர் விவியன் வான்ஸ். நகரும் பட்டையில் சாக்லேட் வரும், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போச்சு என்று மேற்பார்வைக்காரி மிரட்டிவிட்டுப் போகிறாள். முதலில் நிதானமாக வருகிறது. இவ்வளவுதானா என்று லூசி முகத்தில் ஒரு நிம்மதி. கொஞ்சம் வேகம் கூடுகிறது. கை வேகமாகிறது, முகம் இன்னும் மாறவில்லை. இன்னும் கூடுகிறது. ஒன்றை வாயில் போடுகிறாள். அப்புறம் இரண்டு. பிறகு தொப்பிக்குள், சட்டைக்குள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து காலியான பட்டையைப் பார்க்கிறாள். இரண்டு கன்னமும் உப்பி, உதட்டை இறுக்கி, ஒன்றும் நடக்காதது போல இருவரும் நிற்கிறார்கள். பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து இன்னும் வேகமாக விடு என்று கத்துகிறாள்.

இதில் லூசி ஒரு தடவைகூட சிரிப்புக்காகச் செய்வதாகத் தெரியாது. அவளுக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் இருப்பது உண்மையான பயம். சும்மா வந்ததில்லை இது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அது கைக்குப் படியும்வரை ஒத்திகை பார்ப்பார். எழுதியவர்களின் பெயரையும் சொல்ல வேண்டும்: ஜெஸ் ஆப்பன்ஹைமர், மேடலின் ப்யூ, பாப் கேரல்.

1952ல் மறுபடி கருவுற்றார். கர்ப்பிணியை அப்போது தொலைக்காட்சியில் காட்டும் வழக்கமில்லை. நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிடலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். இவர்கள் கதையிலேயே லூசியைக் கர்ப்பமாக்கினார்கள். அந்தச் சொல்லை மட்டும் வசனத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை. பாதிரியார், போதகர், யூத குரு மூவரும் வசனத்தைப் படித்து ஒப்புதல் தந்தார்கள். லூசி கணவனிடம் விஷயத்தைத் தெரிவிக்கிற காட்சியில் இருவரும் நிஜமாகவே அழுதுவிட்டார்கள். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. 1953 ஜனவரி 19 அன்று காலையில் அறுவை சிகிச்சை செய்து மகன் பிறந்தான். அன்று இரவு, முன்பே எடுத்து வைத்திருந்த லூசியின் பிரசவக் கதை ஒளிபரப்பானது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பிரசவ ஓய்வுக்காலத்தில் பழைய கதைகளை மறுபடி போட்டார்கள். ஜனங்கள் மறுபடியும் பார்த்தார்கள்! படச்சுருளின் மதிப்பு அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

அதே வருடம் செப்டம்பரில் ஒரு கண்டம். 1936ல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களிப்பதாக அவர் பதிவு செய்திருந்தது வெளியே வந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு நடிகரின் வாழ்க்கையையே முடித்துவிடும். தாத்தா பழைய சோஷலிஸ்ட், அவர் மனம் கோணக்கூடாது என்று குடும்பமே பதிவு செய்தது என்று விசாரணையில் சொன்னார். வீடு இழந்த அந்தத் தாத்தாதான். படப்பிடிப்புக்கு முன் டெசி ரசிகர்கள் முன்னால் வந்து, லூசியிடம் சிவப்பு என்றால் அவள் முடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்று சொன்னார். அரங்கம் எழுந்து கைதட்டியது. தொடர் தப்பியது.

பிறகு வளர்ச்சி. தொடரின் உரிமையைச் சிபிஎஸ்ஸுக்கே பெரும் தொகைக்கு விற்றார்கள். அந்த வசதியில் 1957 கடைசியில் 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு ஸ்டூடியோவை வாங்கினார்கள். எது? ஆர்கேஓ. சம்பளத்துக்கு நின்ற அதே இடம்.

ஆனால் எதற்காக இவ்வளவும் தொடங்கியதோ அது நிலைக்கவில்லை. டெசிக்குக் குடியும் மற்ற பெண்களும். 1960 மார்ச் 2 அன்று இருவரும் கடைசியாகச் சேர்ந்து நடித்தார்கள், கதை முடிவில் ஒரு முத்தம். மறுநாள் விவாகரத்து மனு. 1962ல் டெசியின் பங்கை வாங்கி லூசில் பால் தனியாகத் தலைவரானார். பெரிய தொலைக்காட்சி ஸ்டூடியோவை நடத்திய முதல் பெண் அவர். வாரம் ஒரு தொடரில் நடித்துக்கொண்டே இதையும் பார்த்தார்.

இனி ஸ்டார் ட்ரெக். அதைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி, அதில் மாற்றமில்லை. முதல் மாதிரிப் படத்தை என்பிசி தொலைக்காட்சி ஏற்கவில்லை, இன்னொன்று எடுத்துக் காட்டச் சொன்னது. செலவுக்குப் பயந்து டெசிலு நிர்வாகக் குழு வேண்டாம் என்றது. லூசில் பால் எடுக்கலாம் என்றார். 1966ல் தொடர் வந்தது, அதே வருடம் மிஷன் இம்பாசிபிளும் வந்தது. அடுத்த வருடம் 1 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கம்பெனியை விற்றார். கணவர் செய்தது, பெயர் மட்டும் இவருக்கு என்பவர்களிடம் இந்த ஐந்து வருடத்தைக் காட்டுங்கள்.

1974 வரை வாராவாரம் நடித்தார். 1986ல் ஒரு தொடர் எடுபடாமல் சீக்கிரம் நின்றது, அது அவரை மிகவும் வருத்தியது. அந்த டிசம்பர் 2ஆம் தேதி டெசி இறந்தார். ஐந்தே நாளில் வாஷிங்டனில் இவருக்கு, கலைஞர்களுக்குத் தரும் கென்னடி சென்டர் கௌரவம். டெசி முன்பே எழுதிக் கொடுத்திருந்ததை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். ஐ லவ் லூசி எனக்கு ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்று முடிந்தது அது. மாடத்தில் உட்கார்ந்திருந்த லூசில் பாலின் முகத்தைப் பார்த்தால் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தோன்றாது. 1989 ஏப்ரல் 26 அன்று, 77 வயதில் காலமானார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. சாக்லேட் கதையை முதலில் பாருங்கள். அடுத்து டானிக் விளம்பரத்தில் நடிக்கப் போய்க் குடித்துக் குடித்துப் போதை ஏறும் கதை. அப்புறம் 1955ல் நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸோடு கண்ணாடி பிம்பம் போல நடிக்கிற கதை. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். லூசி ஏதாவது வம்பில் மாட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண் குரல், 'அய்யய்யோ' என்று பதறுவது போல, தனியாகக் கேட்கும். அது லூசில் பாலின் அம்மா. ஏறக்குறைய எல்லாப் படப்பிடிப்புக்கும் வந்து உட்காருவாராம்.